கிணற்றில் கிடந்த ஈயக் குதிரை

சூரியனை அணைத்த பாவி தான்தான் என்று சோட்டிகோசுக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள்.

அவன் கான்ஸ்டான்டிநோபிள் துறைமுகத்தில் மீன்சாறு போடுகிறவன். நெத்திலியையும் உப்பையும் தாழியில் அடைத்து வெயிலில் வைத்தால் சாறு தானே இறங்கும். அந்த வருஷம் வெயிலுக்கு எங்கே போவது? வசந்தத்திலிருந்தே சூரியன் நிலா மாதிரி வெளிறிப்போய் வானத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. சாறு இறங்கவில்லை, நாற்றம்தான் ஏறியது. "இதுவும் கெட்டுதுன்னா கடையை மூடிட்டு என் ரொட்டிக்கடைக்கு மாவு பிசைய வந்துடுங்க மாப்ள," என்று மாமியார் அந்தூசா சொல்லிவிட்டாள். அதற்குப் பதில் எதிரிப் பாரசீகனிடம் கைதியாகப் போகலாம்.

விஷயம் இதுதான். தேர்ப்பந்தயத்தில் சோட்டிகோஸ் பச்சைக் கட்சி, மாமியார் நீலக் கட்சி. நீலக் கட்சியின் பிர்ரோஸ் என்ற குதிரையைக் கவிழ்க்க, எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ஈயத்தில் ஒரு குதிரை பண்ணி, கண்ணில் ஆணி அடித்து, "இதுக்கு சூரியனே தெரியக்கூடாது" என்று சபித்து, பாழுங்கிணற்றில் போட்டான். எதிராளி வீட்டுக் கிணறு என்றால் சீக்கிரம் பலிக்குமாம். அதனால் மாமியார் வீட்டுக் கொல்லைக் கிணறு.

பலித்தது பாருங்கள், அப்படி ஒரு பலிப்பு! உலகத்துக்கே சூரியன் போயிற்று. அந்தப் பாழாய்ப்போன குதிரையோ கண் கூசாமல் ஓடி எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்தது.

ரொட்டிக்கடை வாசலில் தினம் ஒரு சேதி. கார்த்தேஜில் சிப்பாய்கள் கலகமாம். அதுவும் நானா என்று விரல் விட்டு எண்ணுவான். கிழக்கே பனி கொட்டிப் பறவையெல்லாம் செத்ததாம். ஐயோ. நேப்பிள்ஸ் நகரத்தை நம் படை பிடித்துவிட்டதாம். அதைக் கேட்டு மட்டும் மீசையை லேசாகத் தடவிக்கொண்டான்.

தாழி நாற்றம் தாங்காமல், ஒருநாள் மத்தியானம் மாமியார் தூங்கும் நேரம் பார்த்துக் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறங்கினான். குதிரை கிடைத்தது. பக்கத்திலேயே இன்னொரு ஈயப் பொம்மை. சின்னத் தாழி, வயிற்றில் மீன் படம், நடுவில் ஆணி. அந்த மீன் இவன் கடை முத்திரை!

"எவன்டா அது கிணத்துல?" மேலே அந்தூசா.

"நான்தான் அத்தை."

"அங்க என்ன பண்றீங்க மாப்ள?"

"காத்து வாங்கறேன்."

பிறகு வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "இப்ப ஆணியைப் புடுங்கிடறேன் அத்தை, எல்லாம் சரியாயிடும்."

"புடுங்கின, நடக்கறதே வேற! பிர்ரோஸ் இப்பதான்டா நல்லா ஓடுது!"

"என் மீன் அழுகுது!"

"அழுகட்டும். கயிறு என் கையில இருக்கு."

சோட்டிகோஸ் ஈயத் தாழியைத் தூக்கிக் காட்டினான். "அப்ப இது யார் கைவரிசை?"

அவள் குனிந்து எட்டிப் பார்த்தாள். குரல் இறங்கி வந்தது. "உங்க கடை படுத்துட்டா நீங்களும் மகளும் இங்கயே வந்துடுவீங்கன்னு நெனச்சேன். தனியா கெடக்கறது எனக்குப் பிடிக்கல, போதுமா? உங்க தாழிக்கு மட்டும்தான் வெயில் வேணாம்னு கேட்டேன். ஒட்டுமொத்தமா போகும்னு கண்டேனா?"

"அப்ப சூரியனை அணைச்சது நீங்க!"

"நானா? உங்க பொம்மைதான் பெருசு!"

இருவரும் அதையே கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகுதான் சமாதானம் வந்தது. ரொட்டிக்கடை அடுப்புச் சுவருக்குப் பின்னால் சூடு இருக்கிறது, தாழிகளை அங்கே வைக்கலாம். பதிலுக்குக் குதிரையின் ஆணியை அவன் தொடக் கூடாது. இரண்டு பொம்மையையும் மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்தார்கள். அன்றிலிருந்து ரொட்டியெல்லாம் மீன் வாடை. ரோமாபுரியே நம் கைக்கு வந்த சேதி வந்த அன்றுகூட, வாசலில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கொண்டாடினார்கள்.

மறு வருஷம் கோடையில் ஒருநாள் சூரியன் சுளீரென்று அடித்தது. பிர்ரோஸ் கண் கூசித் திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டது. "எந்தப் பாவி ஆணியைப் புடுங்கினானோ!" என்று அந்தூசா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவனுக்குச் சந்தேகம். போய் மூட்டையை நகர்த்திப் பார்த்தான். குதிரைக் கண்ணில் ஆணி அப்படியே இருந்தது. ஈயத் தாழியில்தான் ஆணியைக் காணோம்.

மூட்டையைப் பழையபடி தள்ளி வைத்தான். முதலில் இறங்கிய சாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்தான். அவள் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டு வாயில் போட்டாள்.

"நாறுது," என்றாள். இன்னொரு துண்டைத் தொட்டாள்.