டீச்சருக்கு எட்டு மார்க்

"டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க டீச்சர். என் மூக்குல ஒயர் எதுவும் இல்ல."

காரின் முன்கதவு விரியத் திறந்திருந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைச் செருகிக்கொண்டு, தலைகீழாகக் கிடந்தார் அவர். இரண்டு கால்களும் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் மட்டும் செருப்பு. டீச்சர் குனிந்து டார்ச்சைத் திருப்பினாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவள் அவள். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் அந்தப் பதவி நீடித்தது. 'டீச்சர்' என்றால் 'வாங்க, போங்க.' கோபம் வந்தால்தான் 'நீ.'

"அதுல எழுதியிருக்கிறபடிதான் மாட்டுறீங்களா?"

"எதுல?"

"கூட ஒரு புத்தகம் வந்துச்சே."

"அதைப் படிச்சு முடிச்சாச்சு. ஒவ்வொரு பக்கத்துலயும் அத்தனை பிழை. கமாவையே காணோம். எல்லாத்தையும் திருத்தி வெச்சிருக்கேன்."

அதுதான் சங்கடம் என்று அவளுக்குத் தெரியும். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர் அவர். அங்கே அவருக்குப் பெயரே 'கமா சார்.' எதைக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவோடு எழுத்து எழுத்தாகப் படிப்பார். என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது.

அவர் மாட்டிக்கொண்டிருந்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. பெயர் மைலேஜ் கம்ப்யூட்டர். புதுக் கார்களில் கூடவே வருமாம். அவர்களுடைய கார், மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அதில் தானாக வேலை செய்வது வைப்பர் மட்டும்தான், அதுவும் நினைத்துக்கொண்டால். இன்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் குழாயின் ஒயரிலிருந்து ஒன்று, வேகமானியிலிருந்து ஒன்று என இரண்டு ஒயர்களை இழுத்துப் பெட்டியில் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தத் தலைகீழ் வாசம்.

எல்லாம் ஒரு பழைய வழக்கைத் தீர்க்க. "டீச்சர் காருக்குப் பெட்ரோல் போடறதில்ல, ஊத்துறாங்க" என்று அவர் சொல்லாத உறவினர் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறாள், பறக்கிறாள், கார் அழுகிறது. அவர் ஓட்டினால் இரண்டாவது கியரைத் தாண்டாமல், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அணைத்துக்கொண்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல ஓட்டுவார். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்தால், "அவசரமா இருந்தா நேத்தே கிளம்பியிருக்கணும்" என்பார்.

"ஆச்சு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. வெளியே வந்து உட்கார்ந்தவருக்கு வேர்த்து ஊற்றியது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"என்ன?"

"தலைகீழா கிடந்தேன்ல. பிடிச்சுக்கிச்சு."

என்றைக்கோ நின்றுபோன கடிகாரத்தைக் கழற்றிய ஓட்டையில் பெட்டியைப் பொருத்தினார். முழுதாக நுழையவில்லை. அழுத்தித் தள்ளியதில் அதன் கீழ்விளிம்பு சட்டத்துக்குள் புதைந்தது.

"கீழ ஏதோ எழுத்து மறையுதுங்க."

"கம்பெனி பேரா இருக்கும். நமக்கு வேண்டியது நம்பர்தான்."

வாழ்நாளில் அவர் ஓர் எழுத்தை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தண்ணீர்த்தொட்டி வரை போய்த் திரும்புவது போட்டி. முதலில் அவர். வழியெல்லாம் இன்ஜின் முனகிக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது பெட்டியில் பதினொன்று என்று பச்சையாக எரிந்தது. பொத்தானை அழுத்திப் பழைய கணக்கை அழித்துவிட்டு அவளிடம் கொடுத்தார். அவள் எப்போதும் ஓட்டுவது போலவே ஓட்டினாள். வேகம் பிடித்ததும் மேல் கியருக்குப் போய்விடுவாள். சிக்னல் தெரிந்தால் முன்கூட்டியே காலை எடுத்துவிடுவாள். திரும்பி வந்தபோது எட்டு.

"எட்டு!" அவர் டேஷ்போர்டைத் தட்டினார். "டீச்சருக்கு எட்டு மார்க்! நான் பதினொண்ணு!"

டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். எட்டுதான். வாழ்நாள் முழுதும் மார்க் போட்டவளுக்கு, பதினொன்று எட்டைவிடப் பெரியது என்பதில் சந்தேகம் வரவில்லை.

"பெட்டி உங்க ஆளு. லஞ்சம் வாங்கியிருக்கு," என்றாள்.

வீட்டுக்குள் வருவதற்குள் மகளுக்கு போன் போட்டு இரண்டு நம்பரையும் சொல்லிவிட்டார். ஸ்பீக்கரில் மகளின் குரல் சிரித்தது. "நீங்க ரெண்டு பேரும் சின்னப் பசங்களாப்பா?"

"உங்கம்மாவை ஜெயிச்சுட்டேன். எழுதி வெச்சுக்கோ!"

"சரி சரி. வரும்போது கப் வாங்கிட்டு வரேன்."

போனை வைத்த பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் டீ போட உள்ளே போனாள். ஹாலில் இருந்து குரல் வந்தது. "மறுதேர்வு வேணும்னா மனு குடுங்க டீச்சர். பரிசீலிக்கலாம்."

அவள் டீயோடு வந்தபோது நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்தார். வழக்கமான தூக்கம். டீ ஆறாமல் இருக்கட்டும் என்று டம்ளரைச் சிறு தட்டால் மூடி, பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் குறட்டை இல்லாதது அவளுக்குக் கேட்டது.

*

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். அவரை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். யார் வந்தாலும் மகள் அந்த போனைப் பற்றிச் சொன்னாள்.

"கடைசியா என்கிட்ட பேசினப்ப அப்படி ஒரு சிரிப்பு. உங்கம்மாவை ஜெயிச்சுட்டேன், எழுதி வெச்சுக்கோன்னார்." அந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு வரும். சிரிப்பு முடியும்போது அழுகையாகிவிடும். கேட்பவர்களும் சிரித்தார்கள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அச்சகத்திலிருந்து வந்த வயதான மேனேஜர், "கமா சார் ஜெயிச்சுட்டுதான் போயிருக்கார். அது எத்தனை பேருக்கு வாய்க்கும்?" என்றார். மகள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சமையலறையில் டீச்சர் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது கொழுந்தனார் வந்து தயங்கி நின்றார்.

"இப்ப பேசற விஷயமில்ல அண்ணி. இருந்தாலும், எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய வண்டி எடுப்பார். காரை அவர்கிட்ட தள்ளி விட்டுடலாம்."

டீச்சர் பதில் சொல்வதற்குள் மகள் வந்துவிட்டாள். "நானும் அதைத்தான் நினைச்சேன் சித்தப்பா. அம்மா, நீ தனியா ஓட்டக் கூடாது. நீ ஓட்டுற லட்சணத்தைப் பத்தி அப்பா சொல்லாத ஆளு உண்டா? நேத்து நம்பரே சொல்லிடுச்சு."

"அது பெட்ரோல் கணக்குடி."

"எல்லாம் ஒண்ணுதான்மா. நீ என்கூட வந்துடு. பின்னாடி ரூம் சும்மாதானே கிடக்கு?"

டீச்சர் மொள்வதை நிறுத்தினாள். வீடு ஊருக்கு வெளியே. பஸ் வராது. கடைக்கும், நூலகத்துக்கும், படுக்கையில் இருக்கும் சிநேகிதியைப் பார்க்கவும் அந்தக் கார்தான். கார் போனால் வீடு தானாகப் போய்விடும். பிறகு மகளின் பின்னறை. அங்கே அவளை யாரும் குறைவாக நடத்த மாட்டார்கள். ஆனால் 'நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்' என்பதற்கு ஒருவர் அனுமதியும் இன்னொருவர் துணையும் வேண்டியிருக்கும்.

"அப்புறம் பேசலாம்," என்றாள்.

"அத்தை, ஒரு நிமிஷம் வர்றீங்களா?" மருமகன் பின்வாசலில் நின்றார். அமரர் ஊர்தி உள்ளே வர இடம் வேண்டும் என்று காரை நகர்த்தப் போனவர்.

காருக்குள் உட்கார்ந்ததும் அவர் டேஷ்போர்டைக் காட்டினார். "காரைத் திருப்பும்போது பெட்டி வெளிய வந்துடுச்சு. திரும்ப வைக்கலாம்னு பார்த்தேன். கீழ பாருங்க."

எண்ணுக்கு அடியில், நேற்று சட்டத்துக்குள் மறைந்திருந்த இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்.

"இது மைலேஜ் இல்ல அத்தை. எவ்வளவு குடிக்குதுன்னு காட்டுது. கம்மியா இருந்தாத்தான் நல்லது. அப்படின்னா மாமா பதினொண்ணு, நீங்க..." அவர் நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்று கூடினால் மற்றது குறையும். தலைகீழ் விகிதம். எத்தனை வருடம், எத்தனை பெண்களுக்குக் கரும்பலகையில் போட்டுக்காட்டியிருப்பாள். புரியாதவளை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறாள். அவரானால் ஊரிலுள்ள எழுத்தையெல்லாம் திருத்திவிட்டு, இந்த ஒரு வரியைத் தன் கையாலேயே அமுக்கி மறைத்திருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வாசல் கேட் அருகே நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து ஜன்னல் வழியாக அவள் தலையை அணைத்துக்கொண்டாள். "அழுதுடுங்க டீச்சர். உள்ள வெச்சுக்காதீங்க." அந்த அணைப்பில் சிரிப்பு எங்கே நின்றது, மற்றது எங்கே தொடங்கியது என்று டீச்சருக்கே தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி போன பிறகு மருமகன் மெதுவாகக் கேட்டார். "உள்ள போய்ச் சொல்லிடவா அத்தை? அப்புறம் காரை விக்கிற பேச்சையே யாரும் எடுக்க மாட்டாங்க."

ஹால் ஜன்னல் திறந்திருந்தது. யாரோ புதிதாக வந்திருந்தார்கள் போல. மகளின் குரல் கேட்டது. "கடைசியா என்கிட்ட பேசினப்ப அப்படி ஒரு சிரிப்பு..." டீச்சர் காது கொடுத்தாள். 'எழுதி வெச்சுக்கோன்னார்' என்ற இடம் வந்தது. சிரிப்பு வந்தது. பிறகு வழக்கம்போல மற்றது.

"மாப்பிள்ளை, அதைப் பழையபடி உள்ள தள்ளிடுங்க."

"அத்தை..."

"அந்த எழுத்து தெரியாத மாதிரி."

அவர் அவளையே பார்த்தார். பிறகு பெட்டியை ஓட்டைக்குள் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார். வரி மறைந்தது. "லேசா பசை போட்டுடவா?"

"நல்லாவே போட்டுடுங்க."

*

ஊர்தி கிளம்பும்போது டீச்சர் மருமகனிடம் கையை நீட்டினாள். "சாவி."

"அண்ணி, நான் ஓட்டுறேனே," என்றார் கொழுந்தனார்.

"நீங்க அண்ணன்கூட உக்காருங்க தம்பி. தனியா போகப் பிடிக்காது அவருக்கு. நான் பின்னாடி வரேன்."

"அம்மா, இன்னிக்காவது சும்மா இரேன்," என்றாள் மகள்.

"ஏறு. பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ."

மகள் முன்சீட்டில் ஏறி, கதவுக்கு மேலே இருந்த பிடியை இறுக்கிப் பற்றிக்கொண்டாள். மருமகன் பின்னால் உட்கார்ந்தார். ஊர்தி ஊர்ந்தது. டீச்சர் அதே இடைவெளி விட்டு, அதே நிதானத்தில் கூடவே போனாள். பாதி வழி இரண்டாவது கியர்தான். இன்ஜின் முனகியது. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். அவள் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. இப்போது முன்னால் ஊர்தி இல்லை. டீச்சர் பொத்தானை அழுத்திப் பழைய கணக்கை அழித்துவிட்டே கிளம்பியிருந்தாள். சாலை காலியாகக் கிடந்தது. மகள் பிடியைப் பற்றியபடியே டேஷ்போர்டைப் பார்த்தாள்.

"ஏழுதான்மா காட்டுது."

"அப்படியா?"

"நேத்தைவிடக் கம்மி. அப்பா மார்க்கை உன்னால தொடவே முடியாது."

"எங்கிருந்து முடியும்? உங்கப்பா அளவுக்கு எனக்கு வராது."

பின்சீட்டில் மருமகன் இருமினார். இருமல் கொஞ்சம் நீண்டது.

மகள் அன்று முதல் தடவையாக அழாமல் சிரித்தாள். பிறகு சொன்னாள். "சித்தப்பாகிட்ட சொல்லி, வண்டியைக் குடுக்கறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டியை மட்டும் கழட்டி எனக்குக் குடுத்துடும்மா."

"வண்டியைக் குடுக்கல."

"அம்மா..."

"மார்க் கம்மியானவங்கதான் தினம் உக்காந்து பழகணும். நல்லா வாங்கறவங்களுக்கு எதுக்குப் பயிற்சி?" டீச்சர் கியரை மாற்றினாள். "எங்க ஸ்கூல்ல அப்படித்தான்."

மகள் டேஷ்போர்டை இன்னொரு முறை பார்த்தாள். "வாரம் ஒருதடவை போன் பண்ணணும். வெளிய போனா சொல்லிட்டுப் போகணும்," என்றாள் கடைசியாக.

"போன் பண்றேன்," என்றாள் டீச்சர். மற்றதற்குப் பதில் சொல்லவில்லை.

தண்ணீர்த்தொட்டியைத் தாண்டியபோது மகளின் கை பிடியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. நேற்று மாலையிலிருந்து கண்ணை மூடாதவள். தலை மெல்லச் சரிந்து அம்மாவின் தோளுக்கு வந்தது. வேகத்தடை ஒன்று வந்தது. டீச்சர் தூரத்திலேயே காலை எடுத்து, கார் தானாகத் தளர்ந்து அதன்மேல் ஏறி இறங்கும்படி விட்டாள். தோளில் இருந்த தலை அசையவில்லை.

வீட்டுத் தெரு வந்தது. வாசலில் விளக்கும், நாற்காலிகளும், காத்திருக்கும் ஆட்களும் தெரிந்தார்கள். டீச்சர் திருப்பவில்லை. நேராகப் போனாள். கண்ணாடியில் மருமகனின் கண்கள் ஒரு கணம் நிமிர்ந்தன. டீச்சர் தோளில் தூங்குபவளைக் கண்ணால் காட்டிவிட்டு அதே வேகத்தில் ஓட்டினாள்.