தோல்முட்டை

கூண்டின் மூலையில் கிடந்த முட்டையைப் பெரியவர் எடுத்தபோது அது விரல்களுக்கிடையே நசுங்கி வழிந்தது. ஓடே இல்லை, வெறும் தோல். அவசரமாகக் கையை மண்ணில் தேய்த்துவிட்டு, ஈரத்தின் மேல் மரத்தூளைக் காலால் தள்ளி மூடினார். சமையலறையில் மருமகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மகன் இறந்துபோய் மூன்று வருடம். அதற்குப் பிறகும் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறதென்றால் அவளால்தான். அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் அவளைப் பெண் கேட்டு வந்தபோது, "போம்மா, உனக்கு வயசிருக்கு. நான் ஒத்தக்கட்டை, எப்படியும் ஓட்டிடுவேன்" என்று முதலில் சொன்னது பெரியவர்தான். மனசாரத்தான் சொன்னார். அவள் உடனே கிளம்பவில்லை. கோழிக்குஞ்சுகளை வாங்கி வந்து, பல்பு வெளிச்சத்தில் கதகதப்பாக வைத்து, குஞ்சுத் தீவனம் போட்டு வளர்த்தாள்.

"இதுங்க முட்டை போட ஆரம்பிக்கட்டும் மாமா. உங்க கைச்செலவுக்கும் ஆச்சு, பேச்சுத் துணைக்கும் ஆச்சு. அப்புறம் நான் கிளம்புறேன்."

இறகு முளைத்ததும் வளர்தீவனத்துக்கு மாற்றினாள். கொண்டை சிவக்கத் தொடங்கியதும் அவரைக் கடைக்கு அனுப்பினாள். "இனிமே முட்டைத் தீவனம் மாமா. அதுலதான் சுண்ணாம்புச் சத்து இருக்கும். மறந்துடாதீங்க."

அவர் மறக்கவில்லை. கடைக்காரர் எதிரே நின்றுகொண்டு, "வளர்தீவனமே குடுப்பா" என்றார். அதைத் தின்றால் முட்டை கொஞ்சம் தள்ளிப்போகும் என்று ஒரு கணக்கு. எத்தனை நாளைக்குத் தள்ளிப்போகும் என்று யோசிக்கவில்லை. போ என்று சொன்ன வாய் ஒரு பக்கம் இருக்க, கை தன்போக்கில் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது.

கோழிகள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. தொட்டால் உடைகிற முட்டையும், தோல்முட்டையுமாக இட்டன. அவள் கண்ணில் படுவதற்குள் பொறுக்கிப் புதைத்தார். இன்று காலை நசுங்கியதும் அப்படி ஒன்றுதான். மாலையில் அவற்றில் ஒரு பழுப்புக் கோழி எழுந்திருக்கவேயில்லை.

வேலை முடிந்து வந்தவள்தான் அதைப் பார்த்தாள். மடியில் வைத்துக் கால்களைத் தடவினாள். பிறகு தீவன டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் தேய்த்தாள். முட்டைத் தீவனத்தில் இருக்கும் கிளிஞ்சல் தூளின் நறநறப்பு இல்லை.

"இதுவரைக்கும் எத்தனை முட்டை போட்டுச்சு மாமா?"

"எண்ணலம்மா."

"தீவனத்துல சத்து இல்லேன்னா இது சும்மா இருக்காது மாமா. தன் எலும்பைக் கரைச்சாவது ஓடு கட்டப் பார்க்கும். அதான் நிக்க முடியல."

"ரெண்டு வார்த்தை திட்டிடும்மா."

"திட்டி என்ன ஆகப்போகுது?" அவள் கோழியை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ இருந்துடுவியே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தார்.

முட்டைத் தீவன மூட்டையோடு அவர் திரும்பியபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கொட்டியதும் மற்ற கோழிகள் முண்டியடித்தன. அவள் ஒரு தட்டில் கொஞ்சம் பிரித்தெடுத்துப் பழுப்புக் கோழியின் முன் நகர்த்தினாள். அது கழுத்தை நீட்டியது, எட்டவில்லை. அவளும் அவரும் எதிரெதிரே குந்தியிருக்க, கோழி ஒரு சிறகைத் தரையில் விரித்து ஊன்றி, மடங்கிய காலை மெல்ல வெளியே எடுத்தது.