சுத்தமான ரத்தம்

எங்கள் ஆய்வகத்தில் பிளாங்க் என்றால் நான்தான். போலீஸ் அனுப்பும் ரத்தத்தில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கும்முன், எந்த மருந்தும் இல்லாத ஒருவரின் ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்ட வேண்டும். அதுதான் பிளாங்க். அதில் கோடு தட்டையாக ஓடினால்தான் மற்றதை நம்பலாம். குடிக்கிறவர், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் என்று துறையில் எல்லோரையும் கழித்தால் மிஞ்சுவது பேராசிரியையான நான் ஒருத்திதான். தலைவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டேன்.

"உன் உடம்புல ஓடறது ரத்தமே இல்ல, டிஸ்டில்ட் வாட்டர்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அவர் போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். நான் அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவின் பச்சைப் பெயின்ட் ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். பிறகு வகுப்பெடுத்தேன், விடைத்தாள் திருத்தினேன், கோர்ட்டில் சாட்சி சொன்னேன். "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று நாத்தனார் என் காதுபடவே சொன்னாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறாள் என்று இருந்தது. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையென்றால், அவர்மேல் எனக்குப் பிரியமே இருந்ததில்லையா? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. ஆனால் அதுவும் வலிக்கவில்லை.

போன வாரம் ஒரு வழக்கு வந்தது. இறந்தவரின் ரத்தத்தில் தூக்க மருந்து இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். வழக்கம்போல் முதலில் என் ரத்தத்தை ஓட்டினோம்; வீட்டுக்காரர் போவதற்கு முன்பே எடுத்து உறைய வைத்திருந்தது தீர்ந்துவிட்டதால், இது புதிதாக எடுத்தது. தட்டையாக ஓட வேண்டிய கோடு, அதே தூக்க மருந்துக்கு உரிய இடத்தில் குன்று மாதிரி எழுந்து நின்றது.

எங்கள் டெக்னீஷியன் ஒவ்வொன்றையும் சொட்டுச் சொட்டாக அளப்பவர். அதனால் எல்லோருக்கும் அவர் 'சொட்டு'. அவர்மேல் பாய்ந்தேன்.

"குடுவையெல்லாம் கழுவினீங்களா, இல்ல சும்மா தண்ணியில காட்டிட்டு வெச்சுட்டீங்களா?"

"நான் கழுவின குடுவையில நீங்க காபியே குடிக்கலாம் மேடம்."

ஊசியை மாற்றினேன். கரைப்பானை மாற்றினேன். இயந்திரத்தைப் பிரித்துக் குழாயை மாற்றினேன். குன்று அசையவில்லை. என் ரத்தம் கெட்டிருக்கும் என்று மட்டும் என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு திமிர். கடைசியில் வேறு வழியில்லாமல் சொட்டின் ரத்தத்தை ஓட்டினோம். அவருடைய பிரஷர் மாத்திரை வேறோர் இடத்தில் எழுந்தது. தூக்க மருந்தின் இடம் மட்டும் பளிச்சென்று தட்டை.

சொட்டு என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை. அவர் போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். தினமும் படுக்கப்போகும்முன் எனக்குப் பால் கொடுப்பவளும் அவள்தான்.

"பால்ல என்னடி கலக்கறே?"

அவள் கை நின்றது.

"திட்டாதேக்கா. வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

ஒருவருக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது குற்றம். அதற்காக எத்தனை பேருக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறேன்! இவளை ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும். கை எழவில்லை.

"நான்தான் கல்லு மாதிரி இருந்தேனே. எனக்கு எதுக்கு?"

"கல்லா? நீயா?" அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரியில டாக்டர் இதே மருந்தை ஊசியா போட்ட பிறகும் நீ மாமாவோட ட்ராலிய விடல. நாலு பேரு சேர்ந்து உன் விரலைப் பிரிச்சோம். வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். பாலைக் குடிச்சுட்டு, தூக்கம் வர்ற வரைக்கும் அவரு செருப்பை மடியில வச்சுக்கிட்டு அழுவே. காலையில எழுந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி காபி கேப்பே. அந்தக் காபியைப் போடறப்போ எனக்கு உயிரே போயிடும்கா."

அந்த மருந்தின் குணத்தை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். தூங்க வைக்கும். ஊசியோ மாத்திரையோ, உள்ளே போன பிறகு நடப்பதன் ஞாபகத்தையும் துடைத்துவிடும்.

"செருப்பு எங்க?"

அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கறுப்புத் தோல் வாரில், மேல்பக்கம் முழுக்க, வட்ட வட்டமாய் வெள்ளை பூத்திருந்தது. உப்பு. அவருடைய வியர்வையாக இருக்கலாமே என்று எந்த வக்கீலும் கேட்பான். கேட்டுத் தொலையட்டும்.

"மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டுக் குறைச்சுக்கலாம்" என்றேன். "இப்ப வந்து பக்கத்துல உக்காரு. இந்தத் தடவை எனக்கு ஞாபகம் இருக்கணும்."

வந்து உட்கார்ந்தாள். கண்ணீர் உடனே வரவில்லை. செருப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.