ஆடி பிறக்கட்டும்

எழுபத்தொன்றாம் வருசம் ஆனி மாதம். முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு முகூர்த்தம்தான் பாக்கி. அதற்குள் தங்கச்சி மகள் வீரலட்சுமி கழுத்தில் தாலி ஏறிவிட வேண்டும் என்று செம்மலை ஒற்றைக் காலில் நின்றார். மாப்பிள்ளை அவர் மகன் சோணைமுத்துதான். முறைப் பையன். பெண்ணைப் பெற்ற கருப்பிக்கு வயிற்றில் கட்டி. மதுரை டாக்டர் கையை விரித்துவிட்டார். கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கருப்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகள் காரைக்குடியில் டீச்சர் டிரெயினிங் ஒரு வருசம் முடித்திருந்தாள். மிச்சமுள்ள ஒரு வருசத்தையும் முடிக்க விடுங்கள் என்றாள். அதை மட்டும் ஒருத்தரும் கொடுப்பதாயில்லை.

புருசன் போன பிறகு பள்ளத்தூர் சுற்றுவட்டாரக் கண்மாய்களில் எல்லாம் மண் சுமந்து மகளை வளர்த்தவள் அவள். கூடையை ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். ஏற்றிய பிறகு கழுத்தே முறிந்தாலும் கரையில் போய்த்தான் கொட்ட வேண்டும். அசதியாக இருக்கிறதே என்று பாதியில் இறக்கினால் போச்சு! மறுபடி தூக்கிவிட எவன் வருவான் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"நடுவழியில கூடையை எறக்கச் சொல்லுறீகளே அண்ணே," என்றாள்.

"பிடிவாதம் பண்ணாத தாயி. நீ கண்ணை மூடிட்டா, வருசம் திரும்புற வரைக்கும் நம்ம வகையறாவுல நல்ல காரியம் கிடையாது. கொமருப் புள்ளை தனியா நிக்கும்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதுதான் கருப்பிக்கு எரிச்சல். கெட்ட மனுசனாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இன்னொருக்காச் சொல்லுங்க. நான் செத்தா ஒரு வருசத்துக்கு எம்மக கழுத்துல எவனும் தாலி கட்ட முடியாது. அப்படித்தானே?"

"ஆமா. அதுக்குத்தானே அவசரப்படுறேன்."

"அப்பச் சரி," என்றாள் கருப்பி.

முகூர்த்தத்தன்று காலையிலேயே செம்மலை ஆட்களோடு வந்துவிட்டார். அவர் பெண்சாதி ஒரு கையில் தாலித் தாம்பாளமும், மறு கையில் ஒரு செம்புப் பாலும் கொண்டுவந்தாள். எதற்கும் இருக்கட்டும், கடைசி நேரத்தில் வாயில் ஊற்ற வேண்டியிருக்குமே! வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பாயைவிட்டு எழுந்திருக்காத கருப்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நிலைப்படிக்குக் குறுக்கே நீட்டிப் படுத்திருந்தாள். பெண் உள்ளே, மாப்பிள்ளை வெளியே. வேறு வழியில்லாத வீடு.

"உள்ள போறவுக என்னையத் தாண்டிப் போங்க."

சாகக் கிடப்பவளைத் தாண்ட எந்தக் காலுக்குத் துணிச்சல் வரும்? செம்மலை கெஞ்சினார், கத்தினார், தலையில் அடித்துக்கொண்டார். வெயில் ஏறியது. சோணைமுத்துதான் முதலில் மாலையைக் கழற்றினான். "அத்தையைத் தாண்டிக் கட்டுற தாலி எனக்கு வேண்டாம்ப்பா."

நல்ல நேரம் தாண்டியதும் கருப்பி அண்ணன் பெண்சாதியைப் பார்த்தாள். "மதினி, அந்தப் பாலை வீணாக்காதீக. எல்லாருக்கும் காப்பி போடுங்க. எனக்குச் சீனி தூக்கலா."

"ஆவணியில பாத்துக்கிறேன்!" என்றார் செம்மலை.

"ஆவணிக்கு நான் இருக்க மாட்டேன்ல. அம்புட்டுத்தான், ஒரு வருசம் எம்மகளுக்கு!"

சொன்னபடியே ஆடிப் பெருக்கு கழிந்த வாரத்தில் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் வீரலட்சுமி காரைக்குடி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். செம்மலை அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பாதி வழியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

"செத்த எறக்கி வைங்க மாமா."

"எறக்க மாட்டேன் தாயி," என்றார் அவர் நிற்காமலே. "தூக்கிவிடுறவ போயிட்டா."