சத்தம் கேட்டால் அழுத்தவும்

காலை ஐந்தரை மணிக்கு அபி கைப்பேசியில் இரண்டு மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு வினாத்தாளைப் பிரித்தாள். நூற்றிருபது கேள்விகள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வின் பழைய தாள் அது; தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தது. அலாரம் அடித்ததும், பாதிக் கேள்வியில் இருந்தாலும் பேனாவை வைத்துவிடுவாள். தனக்குத் தானே தேர்வு நடத்திக்கொள்வதில் அவள் கண்டிப்பானவள்.

பிளஸ் டூ முடித்தபிறகுதான் இப்படி ஒரு தேர்வு இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. பயிற்சி மையத்துக்கு மதுரைக்குப் போக வசதியில்லை. அதனால் ஒரு வருடம் மேலகரத்து வீட்டிலிருந்தே படிப்பதென்று முடிவு செய்தாள். மத்தியானம் நூலகத்தில் ஆங்கில நாளிதழ், சாயங்காலம் கைப்பேசியில் இலவசப் பாடங்கள். ஆனாலும் மதிப்பெண் எழுபதைத் தாண்டவில்லை. இன்னும் பதினைந்து மதிப்பெண்ணாவது வேண்டும்.

அவள் அப்பா சங்கிலிப்பாண்டி குற்றாலத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஆகஸ்ட் சாரலில் கூட்டம் நெரிந்த ஒரு நாள், வாடிக்கையாக வரும் பலவேசம் அவர் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தார். அலுவலகங்களில் ஆள்பிடித்துச் சான்றிதழ் வாங்கித் தருவது பலவேசத்தின் தொழில்.

“மக என்ன செய்யுதா?”

“வக்கீலுக்குப் படிக்கணும்னு தானாவே உக்காந்து படிக்கா, அண்ணாச்சி. மார்க்குதான் ஏற மாட்டேங்குது.”

“மாற்றுத்திறனாளி கோட்டாவுல போட்டா இந்த மார்க்கே போதும். காது சரியா கேக்காதுன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிருவோம்.”

“பிள்ளைக்குக் காது நல்லா கேக்குமே.”

“கேக்கலன்னு காட்டணும். அவ்வளவுதான். இதுல யாருக்கு நட்டம் சொல்லு? அந்த சீட்டெல்லாம் ஆளில்லாம காலியாத்தான் கெடக்கு.”

சங்கிலிப்பாண்டியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு தேய்க்கத் தொடங்கியது.

வீட்டில் சொன்னபோது அபி வினாத்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரத் தேர்வில் அவள் அறுபத்திரண்டு எடுத்தாள். மறுநாள், “சரிப்பா, போவோம்” என்றாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான முகாம் நடந்த மருத்துவமனையின் வராந்தாவில் கூட்டம். பலவேசம் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து அபியின் காதருகே குனிந்தார்.

“உள்ள ஹெட்போன் மாட்டுவாவ. சத்தம் கேட்டா பட்டனை அமுக்கச் சொல்லுவாவ. நீ அமுக்காத. பெருஞ்சத்தம் வந்தா மட்டும் அமுக்கு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

பக்கத்து நாற்காலியில் அச்சன்புதூரிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகள் பெயர் ஜெஸி, அபியின் வயதுதான். பிறவியிலேயே காது கேட்காது. அவளுடைய பழைய சான்றிதழில் பெயர் தப்பாக இருந்ததால் கல்லூரியில் ஏற்க மறுத்துவிட்டார்களாம். இது மூன்றாவது நடை என்றாள் தாய்.

“ஒங்க பிள்ளைக்கும் பிறவியிலேயா?” என்று அவள் சங்கிலிப்பாண்டியிடம் கேட்டாள்.

“ஆமா” என்றார் அவர். அதற்கு மேல் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஜெஸி அபியைப் பார்த்து விரல்களால் ஏதோ சொன்னாள். அபிக்குப் புரியவில்லை. ஜெஸி பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினாள்: ‘சைகை தெரியாதா? பரவாயில்லை. முதல் தடவையா?’

அபி தலையசைத்தாள்.

‘பயப்படாதே. சின்ன வயசில் எனக்கு இந்த டெஸ்ட் என்றால் ரொம்பப் பயம். எதுவும் கேட்காது. ஆனாலும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பேன். அமுக்கினால் அம்மா சிரிப்பாள்.’

அபி அதை இரண்டு முறை வாசித்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு வெகுநேரம் முன்னாலேயே வந்திருந்த ஜெஸி இன்னும் வரிசையில்தான் இருந்தாள்.

உள்ளே கண்ணாடி வைத்த சின்ன அறை. பரிசோதனை செய்யும் பெண் ஹெட்போனை மாட்டிவிட்டு, பட்டனைக் கையில் கொடுத்தாள். கதவு மூடியது. முதல் ஒலி மெல்லிய விசில் போல வந்தது. அபியின் விரல் அசையவில்லை. இரண்டாவது வந்தது. மூன்றாவது, சற்றுப் பலமாக.

நான்காவது ஒலிக்கு அவள் அழுத்தினாள். அதன்பின் வந்த ஒவ்வொன்றுக்கும் அழுத்தினாள். காதில் விழுகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சன்னமான ஒலிக்கும் அழுத்தினாள்.

“ஒனக்கு ஒரு கொறையும் இல்லையேம்மா. எதுக்கு வந்த?” என்றாள் அந்தப் பெண்.

“பொய் சொல்ல வந்தேன் மேடம். தப்புதான்.”

வெளியே பலவேசத்தின் முகம் கறுத்தது. “கூறு கெட்டவளா இருக்கியே” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

சங்கிலிப்பாண்டி மகளைத் திட்ட வாயெடுத்தார். “ஏட்டி, இம்புட்டுத் தூரம் வந்துட்டு...”

“அப்பா, காது கேக்காத அந்தப் பிள்ளை, சின்ன வயசுல அம்மா சிரிக்கணும்னு கேட்ட மாதிரி அமுக்கியிருக்கு. எனக்கு நல்லா கேக்குது. நான் எப்படிப்பா அமுக்காம இருக்க?”

அவர் நாற்காலி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். தாயின் தோளில் சாய்ந்து ஜெஸி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் மகளோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

டிசம்பரில் அபி பொதுப்பிரிவிலேயே தேர்வு எழுதினாள். எழுபத்தொன்பது எடுத்தாள், தேசியப் பல்கலைக்கழகம் எதிலும் இடம் கிடைக்கவில்லை. முடிவு வந்த அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. பிறகு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள்.

அடுத்த சீசனில், சங்கிலிப்பாண்டியோடு வேலை பார்க்கும் சுடலைமாடன், தன் மகனுக்கும் இதேபோல் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமென்று பலவேசத்தின் நம்பரைக் கேட்டார்.

“வேண்டாம்லே” என்றார் சங்கிலிப்பாண்டி.

“ஊரே செய்யுது. காலியா கெடக்குத எடந்தான?”

“காலியாக் கெடக்குன்னு நானும் நம்புனேன். கெடையாது. ஒரு கொறையோட பொறந்த பிள்ளைக்குன்னு விட்டுவச்ச எடம் அது. நாம போய் உக்காந்தா அந்தப் பிள்ளை வெளிய நிக்கும். அது யாருன்னு தெரியாததாலதான் நமக்கு இம்புட்டுத் துணிச்சல் வருது. நான் அந்தப் பிள்ளையப் பாத்துட்டேன்.”