பெத்லகேமில் நின்ற தாம்பரத்துக்காரர்கள்

டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்த நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்து மூலையில் நான் ஜோடித்திருந்த கிறிஸ்துமஸ் குடில் துடைத்துவிட்டது போல இருந்தது. மாதா, சூசையப்பர், பாலன், மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடு மாடு. அவ்வளவுதான். தீப்பெட்டிகளை அடுக்கிக் கட்டிய தாம்பரம் ஸ்டேஷனைக் காணோம். அதைச் சுற்றி நின்ற என் ஆட்களையும் காணோம். காலையில் நான் கிளம்பும்போது அத்தனை பேரும் இருந்தார்கள். வீட்டில் இருந்தது என் கணவர் லாசரஸ் ஒருவர்தான். திருடனைத் தேடுகிற சிரமம் எனக்கு இல்லை.

என் ஆட்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டியவர்கள் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். லைன் கிடைத்ததும் இரண்டு முனைகளையும் இணைத்து, "பேசுங்க" என்பேன். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பேச ஆரம்பித்துவிட்டால் நான் விலகிவிட வேண்டும். அதுதான் எங்கள் வேலையின் முதல் விதி. நாள் முழுக்கக் கதைகளின் முதல் வரி மட்டும் காதில் விழுந்தால் ஒரு மனுஷி என்ன ஆவாள்? "மாமா, மாடு கெடச்சிடுச்சு!" என்று ஒருவர் கத்துவார். எந்த மாடு, எங்கே போயிருந்தது, யார் பிடித்தார்கள்? ஒன்றும் தெரியாது. சாம்பார் வாசனையைக் காட்டிவிட்டு இலையை எடுத்துவிடுவது போன்ற பிழைப்பு.

மீதிக் கதையை வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நானே யோசித்துக்கொள்வேன். யோசனையில் சேலையூர் ஸ்டாப்பைக் கோட்டைவிட்டு, கேம்ப் ரோடு வரை போய்த் திரும்பி நடந்த நாட்களும் உண்டு. டிசம்பர் பிறந்ததும் ஏரிக் களிமண்ணைப் பிசைந்து அவர்களைச் செய்து குடிலில் நிறுத்துவேன். மாட்டைக் கண்டுபிடித்தவர் அப்படி வந்தவர்தான். விரலில் மண் பட்டதும் ஹெட்ஃபோன் அழுத்திய தலைவலி போன இடம் தெரியாது. அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருப்பேன்.

அவர்களில் இரண்டு பேர் எனக்கு முக்கியம். அக்காவும் தங்கையும். நாலு வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலுக்கு ஒரு கால் போட்டேன். "அக்கா, நாந்தான்" என்றாள் இந்தப் பக்கத்துப் பெண். அந்தப் பக்கம் பதில் இல்லை. மூச்சு கேட்டது, பின்னால் குக்கர் விசில் கேட்டது. பேச்சே ஆரம்பிக்கவில்லையே, நான் எப்படி விலகுவது? காத்திருந்தேன். "மூணு நிமிஷம் ஆச்சு. இன்னும் வேணுமா?" என்று கேட்டேன். "வேணும்" என்று இரண்டு குரல்களும் ஒன்றாகச் சொல்லின. அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் லைன் கட்டாகிவிட்டது.

அந்த வருஷம் குடிலின் ஒரு ஓரத்தில் கிணற்றடியில் அக்காவையும், மறு ஓரத்தில் பிளாட்பாரத்தில் தங்கையையும் நிறுத்தினேன். வருஷத்துக்கு ஒரு சாண் கிட்டே நகர்த்துவேன். என்ன சண்டை, யார் மேல் தப்பு, எதுவும் எனக்கே இன்னும் தெரியாது. தெரியாமல் அவர்களை ஒன்றாக நிறுத்த மனம் வரவில்லை.

லாசரஸுக்குக் கற்பனை என்றாலே ஆகாது. பல்லாவரத்தில் ஒரு ஃபேக்டரியில் டைம்கீப்பர். "ஏரோது ராஜா காலத்துல எலெக்ட்ரிக் டிரெயின் எந்தப் பிளாட்பாரத்துல வந்துச்சு?" என்று வருஷா வருஷம் கேட்பார். சாப்பிடும்போது, "மாட்டுக்காரர் இன்னா பண்றார்? அக்கா தங்கச்சி பேசிட்டாங்களா?" என்பார். கிண்டல்தான் என்று நானும் முறைத்துவிட்டுப் போவேன். இந்த வருஷம் அவர் எங்கள் சர்ச்சின் பங்குப் பேரவைச் செயலாளர். வீட்டுக்கு வீடு நடக்கிற குடில் போட்டிக்கு, வேதாகமத்தில் இல்லாத எதுவும் வைக்கக் கூடாது என்று புது விதி. அதை டைப் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியவரே இவர். போட்டிக்காரர்கள் பார்வையிட இன்று வருகிறார்கள்.

"எங்கே?" என்றேன்.

"ஸ்டேஷன் கட்டிலுக்கு அடியில. ஆளுங்க ஷூ டப்பால. பீரோ மேல இருக்கு. செயலாளர் வூட்லயே விதிய மீறுனா நாளைக்கு எவன் மதிப்பான், சொல்லு."

சுடாத பச்சைக் களிமண் பொம்மைகள். இவர் கையோ நாள் முழுக்க வருகை அட்டைகளில் நேரம் குத்துகிற கை. அக்காவின் கழுத்து ஏற்கெனவே லேசாக வெடித்திருந்தது. பீரோ பக்கம் போவதற்குள் வாசலில் வில்பிரட் சார் குரல் கேட்டுவிட்டது. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், போட்டிக்கு நடுவர். கூட இரண்டு பேர்.

வில்பிரட் சார் குனிந்து நிதானமாகப் பார்த்தார். புல்தரைக்காக மற்றவர்கள் கேழ்வரகைத் தட்டில் முளைக்க வைத்துக் குடிலில் கொண்டுவந்து வைப்பார்கள். நான் ஆட்களைச் சோடா மூடிகள் மேல் நிறுத்திவிட்டு, சுற்றிலும் விதைத்துத் தண்ணீர் தெளிப்பேன். பயிர் விரற்கடை உயரம் வந்திருந்தது. ஆட்களை எடுத்தவருக்கு அவர்கள் நின்ற இடத்தை எடுக்கத் தெரியவில்லை.

"இன்னா சார் இது, அங்கங்க வட்டமா சொட்டையா இருக்கு? கேவுரு முளைக்கலையா?" என்றார் வில்பிரட் சார்.

லாசரஸ் என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாத மனுஷன்.

"முளைக்காம இல்ல சார். அங்க ஆளுங்க நின்னுட்டிருந்தாங்க. இப்ப கொஞ்சம் வெளிய போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"நீங்க கெளம்புனதும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. காது வரை சிவந்துவிட்டார். வில்பிரட் சார் சிரிக்கவில்லை. வட்டங்களை இன்னொரு முறை பார்த்தார். நான் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டுவிட்டு மூவரும் கிளம்பினார்கள்.

நாற்காலி போட்டு ஏறி டப்பாவை எடுத்தேன். மூடியெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. பென்சிலால் குத்தியது.

"இது எதுக்கு?"

"உள்ள இருட்டா இருந்துச்சு. மூச்சு முட்டாதா?" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

திறந்தேன். பஞ்சு மெத்தை. ஒருவர் கைகூட உடையவில்லை. மாட்டுக்காரரை மாட்டோடு ஒரு மூலையில் வைத்திருந்தார். நடுவில், அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கைக்குட்டை மேல், அக்காவும் தங்கையும் முகத்துக்கு முகம் பார்த்து இருந்தார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு வருஷம் நான் செய்யத் துணியாததை என்னைக் கேட்காமல் செய்துவிட்டாரே. அப்புறம்தான் அடக்க முடியாமல் கேட்டேன்.

"யாரு மொதல்ல பேசுனா?"

பேப்பர் இறங்கியது.

"தங்கச்சி. 'குக்கர அணைச்சியா'ன்னு கேட்டா."

"அக்கா இன்னா சொன்னா?"

"வாயத் தொறந்தா. அதுக்குள்ள நான் மூடிட்டேன். அடுத்தவங்க பேசறத நாம நின்னு கேக்கலாமா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டப்பாவை ஜன்னலோரம், வெளிச்சம் ஓட்டைகளில் விழும்படி வைத்தேன். தங்கையின் களிமண் விரல் அக்காவின் முந்தானையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "பேசுங்க" என்று சொல்லிவிட்டு மூடியை மெதுவாகப் பொருத்தினேன்.