நீல மூடி

பஞ்சு இருந்த ஜாடியின் மூடி அசைவேனா என்றது. சிங்காரி அதை வயிற்றோடு அணைத்துத் திருகிப் பார்த்தாள், துண்டைச் சுற்றித் திருகிப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

"பஞ்சு கெடைச்சுதாம்மா? மூக்குல வைக்கணும்" என்று கூடத்திலிருந்து தையல்காரம்மா குரல் கொடுத்தார். கீழ்வீட்டுக்காரர். காலையிலிருந்து அவர்தான் எல்லாம் செய்துகொண்டிருந்தார்.

"இதோ வர்றேன்க்கா."

அண்ணன் ராத்திரி பஸ் ஓட்டுகிறவன். விடிகாலையில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, அம்மா குளியலறை வாசலில் கிடந்தாளாம். டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சுவலிதான், உயிர் போய் வெகுநேரம் ஆகியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிங்காரி என்பது அம்மா வைத்த பட்டப்பெயர். வெறும் தீப்பெட்டி கிடைத்தாலும் அதற்கு ஜரிகை ஒட்டாமல் விடமாட்டாள் என்பதால் வந்தது. இப்போது மரச்சாமான் கடையில் அவளுக்கு அலங்கரிக்கும் வேலையே சம்பளத்தோடு கிடைத்திருந்தது. அம்மா நேர் எதிர். அந்த வீட்டிலிருந்து ஒரு பொருள் குப்பைக்குப் போக வேண்டுமென்றால் அது தானாக நடந்து போனால்தான் உண்டு. ஜாம் தீர்ந்த ஜாடி, தேன் தீர்ந்த ஜாடி, காபித்தூள் ஜாடி எல்லாம் பரண் முழுக்க நின்றன. போன மழைக்காலத்தில் வந்திருந்தபோது சிங்காரி அவற்றை இறக்கி, வெந்நீரில் ஊறவைத்து, லேபிளைச் சுரண்டி, பசைக்கு எண்ணெய் தடவித் துடைத்தாள். மூடிகளுக்கு நீல வண்ணம் அடித்தாள். பழைய பலகை ஒன்றில் இரும்புப் பட்டைகளை முடுக்கி, ஜாடிகளை அதில் வரிசையாக மாட்டிக் குளியலறைச் சுவரில் அறைந்தாள். ஒன்றில் பஞ்சு, ஒன்றில் காது குடையும் குச்சி, ஒன்றில் ஹேர்பின். கடைசியில் இருந்த குட்டி ஜாடியில் அம்மாவின் நெஞ்சுவலி மாத்திரை.

"மாத்திரை தலகாணிக்கு அடியிலயே இருக்கட்டும்டி" என்றாள் அம்மா.

"அய்யோ அம்மா, அசிங்கமா இருக்கு. எல்லாம் ஒரே எடத்துல இருந்தா எவ்ளோ அழகா இருக்கு பாரு."

அம்மா தன் வீங்கிய விரல் முட்டிகளைத் தடவிக்கொண்டே பார்த்தாள். அழகாகத்தான் இருக்கிறது என்றாள்.

நேற்றிரவு சிங்காரி போன் செய்திருந்தாள். கடையின் சுவரில் பெரிதாக ஒட்டுவதற்குக் குளியலறையைப் படம் எடுக்க வேண்டும், நாளைக்கு ஆளோடு வருகிறேன், ஜாடியெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட மறந்துபோனாள். அம்மாதான் கேட்டாள்.

இப்போது பலகையில் கடைசிப் பட்டை காலியாக இருந்தது. குட்டி ஜாடியைக் காணோம்.

அண்ணன் சட்டைகூட மாற்றாமல் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தான். சிங்காரி அவனருகில் போனாள்.

"அண்ணா, அந்தக் குட்டி ஜாடி எங்க?"

"எதுக்கு இப்ப அது?"

"சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். "அம்மா பக்கத்துல கெடந்துச்சு. எடுத்து வச்சிருக்கேன்."

"மூடியிருந்துச்சா?" அவன் நிமிரவில்லை. "அண்ணா, மூடி திறந்திருந்துச்சா இல்லையா?"

"திறந்துதான் இருந்துச்சு. மாத்திரை போட்டுட்டுத்தான் போயிருக்கா. போ, அந்தக்கா கூப்புடுறாங்க."

காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்த மூச்சு சிங்காரிக்கு இப்போதுதான் வந்தது. வந்த வேகத்தில், அம்மா செத்துக்கிடக்கும்போது தனக்கு நிம்மதியா என்று வெட்கமாகவும் இருந்தது. பஞ்சு ஜாடியோடு கூடத்துக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடு இங்க" என்று தையல்காரம்மா ஜாடியை வாங்கி, இடுப்பில் சொருகியிருந்த துணியால் மூடியைப் பிடித்து ஒரே திருகில் திறந்தார்.

"இதெல்லாம் எனக்குப் பழக்கம்மா. உங்கம்மா ஜாடிங்கள நான்தானே திறந்து குடுப்பேன். நீ வந்துட்டுப் போனதும் கூடையில போட்டுக் கொண்டு வந்துடுவாங்க. சாமானெல்லாம் ஒரு துணிப்பைக்குப் போயிடும். நீ வர்றதுக்கு முந்தின நாள் திரும்ப ஜாடிக்கு வந்துடும்." அவர் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே லேசாகச் சிரித்தார். கண்ணில் நீர் நின்றது. "பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்டா, 'அவ ஆசையா பண்ணது, மனசு ஒடிஞ்சிடுவா'ன்னு சொல்வாங்க. வர்றவங்க போறவங்க எல்லாரையும் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி காட்டுவாங்க. என் பொண்ணு கைவேலைன்னு."

சிங்காரி கழற்றி வைத்திருந்த நீல மூடியை எடுத்து விரலால் தடவினாள்.

"நேத்து ராத்திரியும் கொண்டு வந்தாங்க. போட்டோ எடுக்க வர்றாளாம், மூடி கோணலா இருந்தா கண்டுபிடிச்சிடுவா, நல்லா இறுக்கிக் குடுன்னாங்க. எல்லாத்தையும் நான்தான் இறுக்கி மூடிக் குடுத்தேன். குட்டி ஜாடி வரைக்கும்." பஞ்சைச் சுருட்டி வைத்துவிட்டு அவர் அம்மாவின் முகத்தைத் துடைத்தார். "அந்தக் கையை மட்டும் தொடச்சு விடு, கண்ணு."

ஈரப் பஞ்சோடு சிங்காரி அம்மாவின் வலது கையை எடுத்தாள். கை சில்லிட்டிருந்தது. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். கட்டைவிரலின் நகத்தடியில் நீலமாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தின் ஓரம் பிளந்து, பிளவுக்குள்ளும் அதே நீலம். அவள் கடை கடையாகத் தேடி வாங்கிய நீலம். அது எந்த மூடியின் வண்ணம், எதற்காக அந்த நகம் அதைச் சுரண்டியது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் அவள் கையில் இருந்த அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைப்பை புடைத்திருந்தது. அவள் பார்ப்பது தெரிந்ததும் பையின் மேல் கை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பஞ்சால் தேய்த்தாள். போகவில்லை. தன் நகத்தால் சுரண்டினாள். அவள் அடித்த வண்ணம், இரண்டு பூச்சு, லேசில் போகாது.

"என்னம்மா, அழுக்கா?" தையல்காரம்மா குனிந்து எட்டிப்பார்த்தார்.

"ஒண்ணுமில்லக்கா."

சிங்காரி அந்தக் கட்டைவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். மற்ற கையையும் மேலே வைத்துக்கொண்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. சொந்தக்காரர்கள் உள்ளே வந்தார்கள், யாரோ அழுதார்கள், யாரோ செருப்புகளை ஓரமாகத் தள்ளினார்கள். அம்மாவின் இடது கையை நெஞ்சின் மேல் மடித்து வைத்த தையல்காரம்மா, வலது கைக்காகக் காத்திருந்தார்.

"விடும்மா. கையை மடிச்சு வைக்கணும். எவ்ளோ நேரம்தான் புடிச்சுக்கிட்டு இருப்பே? நேரமாச்சு பாரு."

சிங்காரி விடவில்லை. அவருக்குத் தாளவில்லை. "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, சிங்காரியின் விரல்களை மெல்லப் பிரிக்கப் பார்த்தார்.

அண்ணன் வந்து நடுவில் உட்கார்ந்தான்.

"விடுங்கக்கா. கொஞ்ச நேரம் புடிச்சுக்கட்டும்" என்றான். அவள் கையின் மேல் தன் கையையும் வைத்தான்.